அம்மம்மாவின் பெட்டியை யாரிடம் கொடுப்பது? யூதக் குடும்பக் கடதாசிகளுக்கு ஐந்து வழிகள்

இரண்டு சப்பாத்துப் பெட்டிகள், ஒரு பழைய பிஸ்கட் ரின். என் கணவரின் அம்மம்மா காலமான பிறகு, மாமியின் அலுமாரிக்கு மேலே பன்னிரண்டு வருடம் இருந்தவை அவைதான். உள்ளே 63 கடிதங்கள், போர்க்காலத்தில் செய்தி அனுப்பப் பயன்பட்ட செஞ்சிலுவைச் சங்கப் படிவங்கள் நான்கு, நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள், ஒரு பள்ளிக்கூட அறிக்கை, கடைசிப் பக்கத்தில் பிறந்த நாட்களும் இறந்த நாட்களும் மையால் எழுதப்பட்ட ஒரு பிரார்த்தனைப் புத்தகம். அம்மம்மா 1939இல், பன்னிரண்டு வயதில், அன்றைய ஜேர்மனியின் பிரெஸ்லாவ் நகரிலிருந்து தனியாக ரயிலேறி லண்டன் வந்தவர். 1938 டிசம்பரில் தொடங்கி, போர் மூளும் வரை நாஸிகளின் பிடியிலிருந்து பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 10,000 பிள்ளைகளில் ஒருவர். அவரை ஏற்றிவிட்ட தாயும் தகப்பனும் வந்து சேரவில்லை.

மாமி இப்போது வீட்டை விற்றுவிட்டுச் சிறிய இடத்துக்குப் போகப்போகிறார். பெட்டி எங்கே போவது என்ற கேள்வி வந்ததும், உடன்பிறந்த மூவரும் மூன்று திசையில் இழுத்தார்கள். மாமிக்கு லண்டன். இஸ்ரேலில் ஹைஃபாவில் இருக்கும் தம்பிக்கு ஜெருசலேம். நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கைக்கு அமெரிக்கா. மருமகளான நான் நூலகத்தில் வேலை செய்தவள் என்பதால், விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் வந்தது.

இதை வெளியே சொன்னபோதுதான் இதே சிக்கலில் இருக்கும் தமிழர்கள் இன்னும் சிலர் என்று தெரிந்தது. யூதக் குடும்பத்தில் மணம் முடித்த ஒருவர். வயதான யூதப் பெண்மணியைப் பல வருடம் பராமரித்து, "பிள்ளைகள் இல்லை, நீயே ஏதாவது செய்" என்று ஒரு சூட்கேஸ் கையில் கொடுக்கப்பட்ட இன்னொருவர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பக்கத்துக் காரணமும் ஒன்று உண்டு. 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டு அல்பம்கள் வீட்டோடு போயின. அப்பாவின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. மாமியின் பெட்டியைத் திறந்த அன்று எனக்குக் கை நடுங்கியது அதனால்தான்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லோரும் முதலில் கேட்பது "எங்கே பாதுகாப்பு?" என்று. நியாயமான கேள்விதான். ஆனால் குளிரூட்டிய அறை, அமிலமில்லாத உறை, தீயணைப்பு வசதி எல்லாம் பெரிய காப்பகங்கள் அனைத்திலும் இருக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் மற்றதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. என் கணக்கில் முதலில் வர வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, இதை யாரால் வாசிக்க முடியும்? இந்தக் கடிதங்கள் ஜேர்மன் மொழியில், பழைய கோணல் கையெழுத்து முறையில் எழுதப்பட்டவை. 1941க்குப் பிறகு ஜேர்மன் பள்ளிகள் அந்த எழுத்தைக் கற்பிப்பதை நிறுத்திவிட்டன. இன்றைய ஜேர்மானியர் பலருக்கே அது வெறும் கோடுகளாகத்தான் தெரியும். மாமிக்கு ஜேர்மன் கதைக்க வரும், தன் அம்மம்மாவின் கடிதத்தை வாசிக்க வராது. உங்கள் பெட்டியில் இருப்பது கிழக்கு ஐரோப்பிய யூதரின் யித்திஷாக இருக்கலாம், ஸ்பெயினிலிருந்து வந்த யூதரின் லடினோவாக இருக்கலாம், ஹீப்ரு எழுத்தில் எழுதிய அரபாக இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த ஒரு ஆள்கூட வேலை செய்யாத இடத்தில் கொடுத்தால், விவரப்பட்டியலில் "கடிதங்கள், ஒரு பெட்டி" என்ற வரியோடு அது நின்றுவிடும்.

இரண்டாவது, இதைத் தேடிக்கொண்டு யார் வருவார்? காப்பகத்துக்கு வரும் ஆய்வாளர்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும் தொகுப்புகளுக்காக வருகிறார்கள். உங்கள் பெட்டிக்குப் பக்கத்து அலுமாரியில் அதே ஊர், அதே தெரு, அதே பள்ளிக்கூடத்துக் குடும்பங்களின் கடதாசிகள் இருந்தால், உங்களுக்குப் பெயர் தெரியாத படத்தில் இருப்பவர் யார் என்று அடுத்தவரின் அல்பம் சொல்லிவிடும்.

அதன் பிறகு பார்க்க வேண்டியவை: குடும்பத்தாருக்குப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் என்ன உரிமை கிடைக்கும், நன்கொடைப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, நிறுவனத்தின் பணம் எங்கிருந்து வருகிறது, எங்களுக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு காத்திருப்பு. அப்புறம், பலர் மறந்துவிடும் ஒன்று: மூலப்பிரதி இன்னும் உங்களுக்குத் தேவைப்படுமா? ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 116ஆம் பிரிவின்படி, நாஸிகள் குடியுரிமையைப் பறித்தவர்களின் சந்ததியினர் அதைத் திரும்பக் கேட்கலாம். பிரெக்ஸிற்றுக்குப் பிறகு பிரித்தானியாவில் நிறையப் பேர் விண்ணப்பித்தார்கள். அதற்குப் பழைய பிறப்புச் சான்றிதழும் கடவுச்சீட்டும் வேண்டும். பேரப்பிள்ளைகளில் யாராவது அந்த யோசனையில் இருந்தால், முதலில் அந்த வேலையை முடித்துவிட்டுப் பெட்டியைக் கொடுங்கள்.

## வழி 1: வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஸ்கான் செய்வது

செலவில்லாத வழி போலத் தெரியும். உண்மையில் நீண்ட காலத்துக்குச் செலவு வைப்பது இதுதான்.

கடதாசிக்கு வேண்டியது ஒரே சீரான குளிர்ச்சியும் வறட்சியும் இருட்டும். வீட்டின் மேல்மாடமும் நிலவறையும் இரண்டுமே அதற்கு எதிரி. ரப்பர் பாண்ட் உருகி ஒட்டும், கிளிப் துருப்பிடிக்கும், ஒட்டும் அல்பத்தின் பசை படத்தின் பின்புறத்தைத் தின்னும். அமிலமில்லாத உறையும் பெட்டியும் வாங்கி, படுக்கையறை அலுமாரியில் வைத்தால் இவற்றை ஓரளவு தவிர்க்கலாம். செலோடேப்பும் லாமினேஷனும் கிட்டவே வரக்கூடாது.

ஸ்கான் செய்வதில் எங்களுக்குப் பாடம் கிடைத்தது. அவசரத்தில் ஒரு கடையில் கொடுத்தோம். அவர்கள் வேலையைச் சுத்தமாகச் செய்வதாக நினைத்து, கடிதங்களை உறைகளிலிருந்து எடுத்துத் தனித்தனிக் கட்டாக அடுக்கித் தந்துவிட்டார்கள். பல கடிதங்களில் திகதி இல்லை. உறையில் உள்ள தபால் முத்திரைதான் திகதி. எந்தக் கடிதம் எந்த உறை என்று மடிப்பையும் மையின் நிறத்தையும் பார்த்துப் பொருத்த எங்களுக்கு இரண்டு வார இறுதிகள் போயின. ஐந்து உறைகள் இன்னும் சேரவில்லை. ஆகவே வீட்டிலேயே, ஒரு கடிதம், அதன் உறை, அதன் பின்புறம் என்ற வரிசையில் செய்யுங்கள். கடிதத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், படத்துக்கு 600. மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு வீட்டில்.

அதற்குப் பிறகும் வேலை முடியாது. ஹார்ட் டிஸ்க்கை சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மேகச் சேமிப்புக்கு மாதாமாதம் கட்ட வேண்டும், கடவுச்சொல் தெரிந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும். அடுத்த தலைமுறையில் இதைச் சுமக்கப் போவது யார் என்று ஒரு பெயர் சொல்ல முடியாவிட்டால் இந்த வழி உங்களுக்கு இல்லை.

எப்போது நல்லது? கதை சொல்லத் தெரிந்த மூத்தவர் இன்னும் இருக்கும்போது. பெட்டி வீட்டில் இருந்தால்தான் அவரோடு உட்கார்ந்து பார்க்கலாம். கடிதங்களில் உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய அந்தரங்கம் இருந்தாலும் கொஞ்ச வருடம் வைத்திருப்பது சரி. ஆனால் பல காப்பகங்கள் குறிப்பிட்ட காலம் வரை திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடும் வாங்கிக்கொள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

## வழி 2: அடைக்கலம் தந்த நாட்டில்

லண்டன் என்றால் ரஸ்ஸல் சதுக்கத்தில் இருக்கும் வீனர் ஹோலோகோஸ்ட் நூலகம். ஆல்ஃபிரட் வீனர் என்ற ஜேர்மன் யூதர் 1933இல் நாட்டை விட்டு ஆம்ஸ்டர்டாம் போய், நாஸிகளைப் பற்றிய ஆதாரங்களைச் சேகரிக்கத் தொடங்கினார். 1939இல் அது லண்டனுக்கு வந்தது. யூத இனவழிப்பைப் பற்றிய உலகின் பழைமையான காப்பகங்களில் ஒன்று. அகதிக் குடும்பங்களின் கடதாசிகள் அங்கே நிறைய இருக்கின்றன. எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு எங்கெங்கே போனது என்று காட்டும் இணைய வரைபடம்கூடச் செய்திருக்கிறார்கள். ஜேர்மனியின் ஆரோல்சன் காப்பகத்தில் உள்ள, நாஸிகளால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மாபெரும் ஆவணத் தொகுப்பின் மின்பிரதியையும் இங்கே பார்க்கலாம்.

எங்களுக்கு இதன் பெரிய பலம் தூரம். மாமி பேருந்தில் போய்த் தன் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பெட்டியைக் கொடுத்த பிறகு வரும் வெறுமையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

இதுபோன்ற சுயாதீன நூலகங்கள் பெரும்பாலும் நன்கொடையில் ஓடுபவை. ஊழியர் குறைவு. கொடுத்த தொகுப்பு பட்டியலாகி இணையத்தில் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். "எப்போது பட்டியலிடுவீர்கள், எப்போது மின்மயமாக்குவீர்கள்" என்ற இரண்டு கேள்வியையும் கையெழுத்து வைக்கும் முன்பே கேளுங்கள். முதலாவதுக்குப் பதில் கிடைக்கும், இரண்டாவதுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு வாஷிங்டனில் 1993இல் திறந்த இனவழிப்பு நினைவு அருங்காட்சியகம் இதே இடத்தில் வரும். அதன் தொகுப்புகளுக்கென்று மேரிலாந்து மாநிலத்தில் தனிக் கட்டடமே 2017இல் திறந்தார்கள். அரசின் ஆதரவு உள்ளதால் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை கூடுதல்.

எப்போது நல்லது? கடதாசிகளில் பாதிக்கு மேல் புதிய நாட்டு வாழ்க்கையைப் பற்றியதாக இருந்தால். அகதிச் சங்க அட்டை, வளர்த்த குடும்பத்தின் ஆங்கிலக் கடிதம், போர்க்கால வேலைச் சீட்டு போன்றவைக்கு இங்கேதான் பொருத்தமான அயலவர் கிடைப்பார்கள்.

## வழி 3: மொழியோடு சேர்ந்த காப்பகம்

நியூயார்க்கில் 16ஆவது தெருவில் யூத வரலாற்று மையம் என்று ஒரு கட்டடம். ஒரே கூரையின் கீழ் ஐந்து நிறுவனங்கள். அவற்றில் இரண்டைக் குடும்பப் பெட்டி வைத்திருக்கும் எவரும் தெரிந்திருக்க வேண்டும். யித்திஷ் பேசிய கிழக்கு ஐரோப்பிய யூதருக்கு யீவோ என்ற ஆய்வு நிறுவனம். 1925இல் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) தொடங்கி, போரில் தப்பி 1940இல் நியூயார்க்கைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. ஜேர்மன் பேசிய யூதருக்கு லியோ பெக் நிறுவனம், 1955இல் தொடங்கியது. நாஸிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் உயிர் தப்பிய ரபை (யூத மதகுரு) லியோ பெக்கின் பெயர். அவர்தான் முதல் தலைவரும்.

எங்கள் பெட்டிக்கு லியோ பெக் நிறுவனம் ஏன் பொருந்துகிறது என்பதைச் சொல்ல, பிரெஸ்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1933இல் அங்கே ஏறத்தாழ 20,000 யூதர். ஜேர்மனியின் பெரிய யூதச் சமூகங்களில் ஒன்று. 1854இலேயே ரபைகளுக்கான கல்லூரி தொடங்கிய ஊர். 1945க்குப் பிறகு அது போலந்து, பெயர் வ்ரோத்ஸ்வாஃப். இன்றைய எல்லையை வைத்துத் தொகுப்பைப் பிரிக்கும் எந்த நாட்டுக் காப்பகத்திலும் பிரெஸ்லாவ் யூதருக்கு இடம் கொஞ்சம் ஓரமாகத்தான் கிடைக்கும். லியோ பெக் நிறுவனம் எல்லையைப் பார்ப்பதில்லை, மொழியைப் பார்க்கிறது. பிராக், வியன்னா, பிரெஸ்லாவ், செர்னோவிட்ஸ் எல்லாமே அதற்கு உள்வீடு.

இரண்டாவது காரணம் திறந்த கதவு. தங்கள் காப்பகத்தின் மிகப் பெரிய பகுதியை 2012இலேயே இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஹைஃபாவில் இருக்கும் தம்பி, லண்டனில் இருக்கும் மாமி, நாளைக்கு எங்கே இருப்பார்கள் என்று தெரியாத பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். நினைவுக் குறிப்புகள் மட்டும் 2,000க்கு மேல் அங்கே இருக்கின்றன. அவற்றில் பிரெஸ்லாவ்காரர்களுடையதைத் தேடி வாசித்த ஒரு இரவில், எங்கள் பெட்டியில் உள்ள பள்ளிக்கூட அறிக்கையில் கையெழுத்திட்ட ஆசிரியரைப் பற்றிய குறிப்பு ஒன்று கிடைத்தது. கண்டிப்பானவராம், ஆனால் பிள்ளைகளுக்குப் பழம் கொண்டுவந்து கொடுப்பாராம். இதைத்தான் "பக்கத்து அலுமாரி" என்று மேலே சொன்னேன்.

மறைந்திருக்கும் செலவுகள்? இங்கிலாந்திலிருந்து காப்புறுதியோடு அனுப்பும் கட்டணம். பெட்டி அத்திலாந்திக்கைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நாள் பயம். இணையத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் வரும் கூச்சம். மாமியின் தாத்தாவுக்கு இருந்த மனநோயைப் பற்றி இரண்டு கடிதங்களில் வருகிறது. அதைத் திறந்த இணையத்தில் போடச் சம்மதமா என்று மூவரும் ஒரு மாதம் கதைத்தார்கள். பதிப்புரிமையும் வேறு. கடதாசி உங்களுடையது, அதில் எழுதிய சொற்களின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. இரண்டும் ஒரே ஆளாக இல்லாவிட்டால் பத்திரத்தில் அதைத் தெளிவாக எழுத வேண்டும்.

## வழி 4: புறப்பட்ட ஊருக்கே

இந்த வழியைச் சொன்னதும் மாமியின் தம்பியான ஹைஃபா மாமா தொலைபேசியை வைத்துவிட்டார். கொன்றவர்களின் நாட்டுக்கு அவர்களிடமிருந்து தப்பி வந்த கடதாசியைத் திருப்பிக் கொடுப்பதா என்பது அவருடைய கேள்வி. அதற்கு வாதத்தால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆனாலும் மற்றப் பக்கத்தையும் வைக்கிறேன். 2001இல் திறந்த பெர்லின் யூத அருங்காட்சியகத்தின் காப்பகம் பெரும்பாலும் குடும்பங்கள் கொடுத்த கடதாசிகளால் நிறைந்தது. அங்கே பள்ளி மாணவர்களுக்குப் பட்டறை நடத்துகிறார்கள். பிள்ளைகள் மூலக் கடிதங்களையே கையில் வைத்து வாசிக்கிறார்கள். சில வேளைகளில் அதைக் கொடுத்தவரே வந்து எதிரில் உட்கார்ந்து பேசுகிறார். தங்கள் கொள்ளுப்பாட்டனார் காலத்தில் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒரு தாயின் கையெழுத்தில் அறிந்துகொள்கிறது. இந்தக் கடிதங்களை வேறு எங்கே கொடுத்தாலும் இது நடக்காது. நகரக் காப்பகங்களுக்கும் இப்படி ஒரு பலம் உண்டு. நாஸிகளால் பாதிக்கப்பட்டவர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு முன்னால் நடைபாதையில் பதிக்கும் பித்தளை நினைவுக்கற்கள் 2023இல் 100,000ஐத் தாண்டின. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தத் தெருவின் கதையைத் தோண்டும் உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் பெட்டியைத் தேடி உண்மையாகவே வரப்போகிறவர்கள் அவர்கள்.

எங்கள் விஷயத்தில் "புறப்பட்ட ஊர்" என்பதே குழப்பம். பெர்லின் அம்மம்மாவின் ஊர் இல்லை. வ்ரோத்ஸ்வாஃபில் இன்று வாழ்பவர்களின் தாத்தா பாட்டிகள் போருக்குப் பிறகு வேறு இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள், அவர்களின் மொழி போலிஷ். பிரெஸ்லாவ் யூதச் சமூகத்தின் பழைய ஆவணங்கள் போலந்தின் தலைநகர் வார்சாவாவில் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. நாஸிகள் யூதரை அடைத்து வைத்த வார்சாவா கெட்டோவுக்குள் வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கல்புளூமும் தோழர்களும் இரகசியமாகச் சேர்த்துத் தகரப் பெட்டிகளிலும் பால் கான்களிலும் புதைத்து வைத்த காப்பகமும் அதே நிறுவனத்தில்தான். பெரிய இடம். ஆனால் எங்கள் வீட்டுக் கடிதங்களுக்கு உறவு கொஞ்சம் தூரம்.

அரசுக் கட்டடம் என்றால் நிரந்தரம் என்ற நினைப்பும் வேண்டாம். 2009 மார்ச் 3ஆம் திகதி கொலோன் நகரின் வரலாற்றுக் காப்பகம், பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் வேலையால் சரிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஆவணங்களில் பெரும்பகுதியைச் சேற்றிலிருந்து எடுத்தார்கள். அவற்றைச் சீராக்குவது பல பத்தாண்டு வேலை.

எப்போது நல்லது? குடும்பத்தில் யாருக்கும் மனக்காயம் கீறாது என்றால், ஒரே ஊரில் பல தலைமுறை வாழ்ந்த குடும்பம் என்றால், அந்த ஊரில் இன்று யாரோ ஒருவர் உங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார் என்றால்.

## வழி 5: ஜெருசலேம்

இங்கே இரண்டு இடத்தைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று யாட் வஷேம் நினைவகம், 1953இல் சட்டத்தால் அமைந்தது. அது சேகரிப்பது இனவழிப்பைப் பற்றியவற்றை. கொல்லப்பட்டவர்களில் 4.8 மில்லியனுக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கின்றன. வீடுகளில் கிடக்கும் கடதாசிகளையும் பொருட்களையும் கேட்டு வாங்க 2011இலிருந்து தனித் திட்டமே நடத்துகிறார்கள். மற்றது இஸ்ரேல் தேசிய நூலகம். 2023 அக்டோபரில் புதிய கட்டடத்துக்குப் போனது. யூத மக்களின் வரலாற்றுக்கான மத்திய காப்பகம் இப்போது அதோடு சேர்ந்தது. உங்கள் பெட்டியில் மூன்று நூற்றாண்டுக் கதை இருந்து, இனவழிப்பு அதில் கடைசி அத்தியாயம் மட்டும் என்றால், இரண்டாவது இடத்தை யோசியுங்கள். ஒரு குடும்பத்தின் திருமண ஒப்பந்தங்களையும் வியாபாரக் கணக்கையும் முழுவதும் மரணத்தின் பெயரில் வைக்கத் தேவையில்லை.

ஹைஃபா மாமாவின் வாதம் எளிமையானது. தன் அம்மம்மாவுக்கு, மகளை ரயிலேற்றிவிட்ட அந்தத் தாய்க்கு, கல்லறை இல்லை. 1941 நவம்பரில் பிரெஸ்லாவிலிருந்து புறப்பட்ட ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் பேர் லித்துவேனியாவின் கௌனாஸ் நகருக்குக் கொண்டுபோகப்பட்டு, 29ஆம் திகதி அங்குள்ள ஒன்பதாவது கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர் அதில் ஒருவர். பெயர் இருக்கும் இடத்தில் கடிதமும் இருக்கட்டும் என்கிறார். நான் அவர் சொன்னதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் பெயர் சேர்ப்பதும் பெட்டி கொடுப்பதும் இரண்டு வேலை. சாட்சியப் பக்கம் என்று யாட் வஷேம் சொல்லும் படிவத்தைப் பெட்டியைக் கொடுக்காமலே நிரப்பலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் இதை இந்த வாரமே செய்யுங்கள். நாங்கள் தேடியபோது தகப்பனின் பெயர் இருந்தது, தாயின் பெயர் இல்லை. மாமி சமையலறை மேசையில் இருந்து நிரப்பினார். அரை மணிநேரம் கூட ஆகவில்லை.

மறைந்திருக்கும் செலவு, அரசியல். அந்த நாட்டின் நிலவரத்தால் சில ஆய்வாளர்கள் போகத் தயங்குவார்கள், சில காலம் போகவும் முடியாது. குடும்பத்திலேயே இதில் ஒருமித்த கருத்து இருக்காது. முன்பே பேசித் தீருங்கள்.

## பங்கு போடலாமா?

மூன்று பிள்ளைகள், மூன்று பெட்டி, ஆளுக்கு ஒன்று என்று ஒரு சமாதானம் எங்கள் வீட்டிலும் வந்தது. நான் உறுதியாக வேண்டாம் என்றேன். கெய்ரோவில் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில் ஆயிரம் வருடக் கடதாசிகள் குவிந்து கிடந்தன. 1890களில் அவை உலகெங்கும் சிதறின. கேம்பிரிட்ஜுக்கு மட்டும் ஏறத்தாழ 193,000 துண்டுகள். மிச்சம் ஒக்ஸ்ஃபோர்ட், நியூயார்க், சென் பீற்றர்ஸ்பேர்க் என்று போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகரைப் பற்றி, அந்தக் கடற்கரை மிளகையும் வெண்கலப் பட்டறையையும் பற்றி நமக்குத் தெரிவது அந்தத் துண்டுகளால்தான். ஒரே தாளின் ஒரு பாதி ஒரு ஊரிலும் மறுபாதி இன்னொரு ஊரிலும் இருப்பதைக் கண்டுபிடிக்க அறிஞர்கள் வாழ்நாளைச் செலவழித்தார்கள். அது நமக்கு வேண்டாம். மூலம் ஒரே இடத்தில், பிரதி எத்தனை இடத்திலும் இருக்கட்டும்.

தெளிவாக எழுதாமல் விட்டாலும் இதே கதிதான். 1968இல் இறந்த மக்ஸ் பிரோட், தன்னிடம் இருந்த தன் நண்பர், எழுத்தாளர் கஃப்காவின் கடதாசிகளைத் தன் செயலரிடம் விட்டுப்போனார். எந்தக் காப்பகத்துக்கு என்று அடித்துச் சொல்லவில்லை. அவை ஜேர்மனியின் மார்பாக் இலக்கியக் காப்பகத்துக்கா, ஜெருசலேமுக்கா என்பது 2016இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ந்தது.

## கொடுப்பதற்கு முன்

அடுக்காதீர்கள். வைத்தவர் வைத்த ஒழுங்கே ஒரு தகவல். எறியவும் வேண்டாம். ரிங்கல்புளூம் காப்பகத்தில் இனிப்புச் சுற்றிய தாளும் டிராம் வண்டிச் சீட்டும்கூட இருக்கின்றன. அச்சிட்ட பிரார்த்தனைப் புத்தகங்களைப் பல காப்பகங்கள் வாங்காது. ஆனால் எங்களுடையதில் இருந்தது போல் கடைசிப் பக்கத்தில் குடும்பப் பதிவு இருக்கிறதா என்று பார்க்காமல் கைவிடாதீர்கள். இறைவனின் பெயர் எழுதிய புத்தகத்தைக் குப்பையில் போடுவதும் வழக்கமில்லை, தொழுகைக்கூடத்தில் கொடுத்தால் முறைப்படி புதைப்பார்கள்.

காப்பகத்துக்கு முதலில் அனுப்ப வேண்டியது ஒரு பக்கக் கடிதம்: யார், எந்த ஊர், எந்த வருடங்கள், எத்தனை பெட்டி, எந்த மொழி, நான்கு ஐந்து மாதிரிப் படங்கள். ஓரிடத்திலிருந்து எங்களுக்கு ஐந்து மாதம் பதிலே வரவில்லை. மனம் தளர வேண்டாம், தொலைபேசியில் கூப்பிடுங்கள். பத்திரத்தில் "தேவையில்லாதவற்றை என்ன செய்வீர்கள்" என்ற வரியைக் கட்டாயம் தேடுங்கள். குடும்பத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதிக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம், எழுதித் தந்தார்கள்.

## எங்கள் முடிவு

மூலம் எல்லாம் லியோ பெக் நிறுவனத்துக்கு. மின்பிரதி வீனர் நூலகத்துக்கும் உடன்பிறந்த மூவருக்கும். பெயர்கள் யாட் வஷேமுக்கு. மனநோய் பற்றிய இரண்டு கடிதங்களும் இருபது வருடம் மூடி இருக்கும். பிரார்த்தனைப் புத்தகம் மட்டும் ஹைஃபாவுக்குப் போனது. மாமா அதை வைத்து இன்னும் ஓதுகிறார் என்பதால் நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அதன் கடைசிப் பக்கத்தின் படமும், புத்தகம் யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பும் பெட்டியோடு போகும்.

பெட்டி வசந்த காலத்தில் புறப்படும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியோடு உட்காருகிறேன். பழைய கையெழுத்து தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை கடிதங்களைத் தட்டச்சு செய்து அனுப்புகிறார். மாமி அவற்றை எனக்கு வாசித்துச் சொல்கிறார். செஞ்சிலுவைப் படிவத்தில் 25 சொல்லுக்கு மேல் எழுத முடியாது. போன வாரம் வந்ததில், பிரெஸ்லாவிலிருந்து அந்தத் தாய் நான்கு சொல்லை மகளின் கால் உறைக்குச் செலவழித்திருந்தார். குளிருக்குப் போடுகிறாளா என்று. பதில் எழுதும் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி அழித்த தடம் இருக்கிறது. சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் பிள்ளையின் எழுத்தில் ஒரு "ஆம்" தெரிகிறது.